கடனில் ஓடிய விண்கப்பல்

2003ஆம் ஆண்டு ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்த மாமியின் மகனை ஏ-9 வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் மறித்து வைத்துவிட்டார்கள். காரணம், அவனுடைய பையிலிருந்த ஒரு தாள். தாள் முழுக்க அறுகோணக் கட்டங்கள். அங்கங்கே கட்டத்துக்குள் ஒரு புள்ளி, புள்ளியின் கீழே எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான குறி. எந்த இடத்து வரைபடம் என்று கேட்டிருக்கிறார்கள். "அப்பிடி ஒரு இடம் இல்லை" என்று அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். இல்லாத இடத்துக்கு யாராவது வரைபடம் கீறுவார்களா? கடைசியில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வந்து பையைக் கிளறினாராம். உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதற்குள் மூன்று மெல்லிய கறுப்புப் புத்தகங்கள், இரண்டு தாயக்கட்டைகள். "கேம்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டாராம்.

சாவகச்சேரியில் வந்து இறங்கியபோது அவனுடைய கைக்கடிகாரம் அரை மணித்தியாலம் பின்னுக்கு நின்றது. அதற்குச் சோதனைச் சாவடி பொறுப்பல்ல. 1996இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி தள்ளவில்லை. ஆகவே ஓமந்தை தாண்டினால் அரை மணித்தியாலத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, முகமாலையில் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கனடாக்காரன் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டான். விண்வெளிக் கதைக்காரர்கள் கோளுக்குக் கோள் நேரம் மாறுவதைப் பக்கம் பக்கமாக விவரிப்பார்கள். எங்களுக்கு அது இ.போ.ச. பஸ்ஸில் போய்வரும் விசயம்.

அந்தப் பெட்டியின் பெயர் 'ட்ரவலர்'. 1977இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 'கேம் டிசைனர்ஸ் வேர்க்‌ஷொப்' என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் மார்க் மில்லர். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, 1974இல், 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' வந்து மந்திரவாதிகளையும் பூதங்களையும் வைத்து இந்த வகை விளையாட்டைத் தொடக்கிவைத்திருந்தது. மில்லர் அதே முறையை நட்சத்திரங்களுக்கு இடையே கொண்டுபோனார். மச்சானிடம் இருந்தது 1981இல் திருத்தி அச்சிட்ட பதிப்பு. ஸ்காபரோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினானாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகை இல்லை. காய்கள் இல்லை. வென்றவர் தோற்றவர் இல்லை. ஒருவர் நடுவராக இருப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். "துறைமுகத்தில மழை பெய்யுது, சுங்கக்காரன் உங்கட பெட்டியைத் திறக்கச் சொல்லுறான், என்ன செய்யப் போறியள்?" என்று நடுவர் கேட்பார். நீங்கள் யோசித்துச் சொல்வீர்கள். என்ன நடக்கும் என்று நிச்சயமில்லாத இடத்தில் இரண்டு கட்டைகளை உருட்டுவீர்கள். பெரும்பாலும் எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் நடந்துவிடும். அவ்வளவுதான் இயந்திரம். மற்றதெல்லாம் கதைதான்.

கதைக்க எங்களுக்கு ஆட்களும் நேரமும் இருந்தன. வேறு அதிகம் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது நாங்கள் வடமராட்சிக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது சாவகச்சேரி நகரம் என்று சொல்லக்கூடியதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் முன் விறாந்தையும் ஒரு அறையும் மட்டும் பாவிக்கக் கூடியதாக இருந்தன. மேலே தகரம் போட்டு, வளவில் இருந்த இரண்டு கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஒன்று தப்பியதற்காகச் சந்தோசப்பட்டுக்கொண்டு, பெரியப்பா குடும்பமும் நாங்களுமாக அதற்குள் இருந்தோம். பின்னேரங்களில் பெரியவர்கள் 304 சீட்டு அடிப்பார்கள். மூன்று பேர் சேர்ந்து நாலாவது ஆளைத் தேடி ஒழுங்கையில் நிற்பது எங்கள் ஊரின் நிரந்தரக் காட்சி.

பெரியப்பா சாவகச்சேரி ஸ்டேசனில் பொதிப் பகுதியில் வேலை செய்தவர். 1990இல் யாழ்தேவி நின்றதோடு அவருடைய வேலையும் நின்றது. ஆனால் கணக்கு நிற்கவில்லை. எந்தச் சாமானைப் பார்த்தாலும் நிறை, கூலி, சேதாரம் என்று வாய்க்குள் முணுமுணுப்பார். விறாந்தையில் மச்சான் புத்தகங்களைப் பரப்பி என்னையும் தங்கச்சியையும் என் வகுப்புத் தோழனையும் இருத்திய அன்று, பெரியப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டை உருட்டிற வயசே உங்களுக்கு?" என்று சொல்லிப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். தோழனின் தகப்பன் சந்தையில் மாம்பழ வியாபாரம். அதனால் அவனுக்குப் பேரம் பேசுவதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. அதைக் கடைசிவரை கப்பலின் நன்மைக்குப் பாவித்தான்.

ட்ரவலரில் முதல் வேலை ஆளை உருவாக்குவது. இரண்டு கட்டைகளை உருட்டி ஆறு குணங்களுக்கு ஆறு இலக்கம் எழுதவேண்டும்: உடற்பலம், சுறுசுறுப்பு, தாங்குசக்தி, புத்தி, படிப்பு, கடைசியாகச் சமூக அந்தஸ்து. இந்தக் கடைசி இலக்கத்தைக் கண்டதும் தங்கச்சி, "உது அங்கயும் இருக்கே?" என்றாள். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒற்றை இடத்தில் அடங்கும்படி ஏ, பீ, சீ என்று எழுத்துப் போடுவார்கள். ஆக, ஒரு மனுசனின் முழுச் சுருக்கமும் ஆறு எழுத்து. அதற்குப் பிறகுதான் விசயம் தொடங்கும். ஆளுக்கு வயது 18. ஏதாவது ஒரு சேவையில் சேரவேண்டும்: கடற்படை, கடற்படைக் காலாள், தரைப்படை, ஸ்கவுட், வணிகக் கப்பல், இல்லாவிட்டால் 'மற்றவை'. விரும்பின இடம் எடுக்காவிட்டால் ஒரு கட்டையை உருட்டி, விழுந்த சேவைக்குக் கட்டாயமாக அனுப்பிவிடுவார்கள். நாலு வருடம் ஒரு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் உயிர் தப்பினானா என்று ஒரு உருட்டல். தப்பினால் பதவி உயர்வு, கொஞ்சம் தொழில் திறமை. பிறகு இன்னொரு தவணை எடுக்கலாம், விட்டும் போகலாம். ஆனால் தவணை முடிவில் அதற்காகப் போடுகிற உருட்டலில் சரியாகப் பன்னிரண்டு விழுந்தால் விட மாட்டார்கள், இன்னும் நாலு வருடம் இருந்தே ஆகவேண்டும்.

தோழன் ஸ்கவுட் கேட்டான். தெரியாத கோள்களைத் தேடிப்போய் அளந்து வருகிற சேவை. சேர்த்துக்கொண்டார்கள். முதல் தவணை. அந்தச் சேவையில் உயிர் தப்ப ஏழு வேண்டும். மற்றச் சேவைகள் பலவற்றில் ஐந்து போதும். உருட்டினான். மூன்றும் இரண்டும்.

"செத்துப்போனான்" என்றான் மச்சான், தேநீரை உறிஞ்சிக்கொண்டு. "இருபத்திரண்டு வயசு. பரவாயில்லை, வேற ஆள் போடு."

நாங்கள் கொல்லென்று சிரித்தோம். விளையாட்டுத் தொடங்கமுன்னமே ஆளைக் கொல்லுகிற விளையாட்டு வேறெங்கே இருக்கிறது? ஸ்காபரோவில் அவனுடைய கூட்டாளிகளும் அந்த இடத்தில்தான் அதிகம் சிரிப்பார்களாம். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, கையில் செதிலோடு வெளியே வந்தார்.

"ஆரடா செத்தது? ஆற்ற பெடியன்?"

"கேம் மாமி. உண்மையா ஒருத்தரும் சாகேல்லை."

பெரியம்மா தாளைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், தோழனைப் பார்த்தார். "கேமில எண்டாலும் ஏன் இருபத்திரண்டு வயசில சாகவேணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் ஒழுங்கையில் அந்த வயதில் எத்தனை படம் மாலையோடு சுவரில் தொங்கியது என்று மச்சானுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், சிரித்தபோது நினைவு வரவில்லை.

பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு முதலாவது புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரயில்வே சட்டக்கொத்து வாசிக்கிற முறையில் விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து வாசித்தார். கொஞ்ச நேரத்தில், "இஞ்ச பார். காயப்பட்டு, அரைத் தவணையோட விலகி வீட்டை வரலாமாம். விருப்பமெண்டா இப்பிடியும் விளையாடலாம் எண்டு அவனே எழுதியிருக்கிறான்" என்றார். உண்மைதான். உயிர் தப்பும் உருட்டல் தவறினால் சாவுக்குப் பதிலாக இரண்டு வருடத்தில் காயத்தோடு விலகுவது, 1981 பதிப்பில் விருப்ப விதியாக இருக்கிறது. மச்சான் அதை ஒரு நாளும் பாவித்ததில்லையாம். அன்றைக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் எவரும் சேவையில் சாகவில்லை. நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதோடு பெரியப்பாவும் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த விளையாட்டின் கவர்ச்சி நட்சத்திரம், கப்பல், லேசர் துவக்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற விளையாட்டுகளில் ஒன்றும் தெரியாத இளைஞனாகத் தொடங்கி, பூதங்களைக் கொன்று கொன்று பலசாலி ஆவீர்கள். ட்ரவலரில் நீங்கள் தொடங்கும்போதே வாழ்ந்து களைத்த ஆள். 34 வயதிலிருந்து முதுமைக்கும் உருட்ட வேண்டும். பலமும் சுறுசுறுப்பும் ஒவ்வொன்றாகக் கழியும். அதற்குப் பிறகு உங்களுக்குப் பெரிதாகத் திறமை கூடப்போவதும் இல்லை. கையில் கொஞ்சக் காசு, ஒரு பயணச்சீட்டு, நெடுநாள் சேவை செய்திருந்தால் ஓய்வூதியம். இனி என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் கேள்வி. மார்க் மில்லர் அமெரிக்க இராணுவத்தில் வியட்நாமில் இருந்தவர் என்று பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. போரிலிருந்து வீட்டுக்கு வந்த ஒருவன் எழுதக்கூடிய விதிகள் அவை.

வணிகக் கப்பலில் இருந்து ஐந்தாவது தவணையோடு விலகிய ஒருவர் பெரியப்பாவுக்கு விழுந்தார். தங்கச்சி கடற்படையில் இருந்து விலகிய மாலுமி. தோழனின் இரண்டாவது ஆளும் ஸ்கவுட்தான். இந்தமுறை ஒரு கால் போனதோடு வெளியே வந்தான். நான் 'மற்றவை'. அந்தச் சேவையில் பதவி கிடையாது, என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

உலகங்களும் கட்டையால்தான் பிறக்கும். எட்டு நிரலும் பத்து வரிசையுமாக எண்பது அறுகோணம். ஒவ்வொன்றுக்கும் உலகம் உண்டா இல்லையா என்று உருட்டவேண்டும். இருந்தால், துறைமுகத்தின் தரம், கோளின் பருமன், காற்று, நீர், சனத்தொகை, ஆட்சி, சட்டப்படி, தொழில்நுட்பம் என்று எட்டுக் குறி. சோதனைச் சாவடியில் சந்தேகத்தைக் கிளப்பிய நீளமான குறி இதுதான். வாசிக்கப் பழகிவிட்டால் ஒரு வரியிலேயே ஊர் தெரியும். சனத்தொகையில் 5 என்றால் இலட்சக்கணக்கு, 6 என்றால் பத்து இலட்சக்கணக்கு. ஆட்சியில் 6 என்றால் வெளியிலிருந்து பிடித்து ஆளப்படுகிற இடம். தொழில்நுட்பத்தில் 5 என்றால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி. தோழன் ஒரு நாள் கட்டையைத் தொடாமலே ஒரு உலகத்தை எழுதித் தந்தான்: டீ564569-5. தரம் குறைந்த துறைமுகம், திருத்துவேலை கிடையாது, சுத்திகரிக்காத எரிபொருள் மட்டும். சில இலட்சம் சனம். வேற்றாள் ஆட்சி. சட்டப்படி 9. தொழில்நுட்பம் குப்பி விளக்குக் காலம். எந்த வருடத்துச் சாவகச்சேரி என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வருடங்களுக்குப் பொருந்தும்.

சட்டப்படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எங்களைப் பிடித்து இருத்தியது அதுதான். பூச்சியத்தில் எதையும் கொண்டு திரியலாம். படி ஏற ஏற ஒவ்வொரு ஆயுதமாகத் தடை விழும்: முதலில் வெடிமருந்தும் நச்சு வாயுவும், நடுவில் துவக்கு, பிறகு வாள். ஒன்பதில் வீட்டுக்கு வெளியே ஒரு ஆயுதமும் வைத்திருக்க முடியாது. அட்டவணையைப் பார்த்த பெரியப்பா, "பற்றறி எங்க?" என்று கேட்டார். மச்சானுக்கு விளங்கவில்லை. 1990க்குப் பிறகு வருடக்கணக்காக யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வரக்கூடாது, சீமெந்து வரக்கூடாது, பெற்றோல் வரக்கூடாது, யூரியா வரக்கூடாது என்று விளங்கப்படுத்தினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட கதையை அப்பா சொன்னார். மச்சான் பென்சிலை எடுத்து அட்டவணையின் ஓரத்தில் மூன்றாம் படிக்கு நேரே 'பற்றறி' என்று தமிழில் எழுதினான். அவனுக்குத் தெரிந்த தமிழ் எழுத்துகளில் அது வல்லினம் மாறித்தான் வந்தது, நாங்கள் திருத்தவில்லை.

அந்த இலக்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு உலகத்தில் சட்டப்படி என்னவோ, அதிகாரிகளின் கரைச்சலில் இருந்து தப்ப அந்த இலக்கமோ அதற்கு மேலோ உருட்ட வேண்டும். நீங்கள் ஒரு குற்றமும் செய்திருக்கத் தேவையில்லை. தெருவில் நடந்தால் போதும். ஒன்பதாம் படியில் 36க்குப் பத்துத் தடவைதான் சும்மா விடுவார்கள். ரொறன்ரோவில் இதை அநியாயமான விதி என்று அவனுடைய கூட்டாளிகள் வெட்டிவிட்டார்களாம். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு அடையாள அட்டையை நீட்டி நீட்டிப் போய்வந்த எங்களுக்கு அதில் அநியாயம் எதுவும் தெரியவில்லை. யாரோ நேரில் பார்த்து எழுதினது என்றே பட்டது.

செய்தி போகிற வேகமும் அப்படித்தான். ட்ரவலரின் கப்பல்கள் ஒரு தாவலில் இயந்திரத்தின் வலுவைப் பொறுத்து ஒன்று முதல் ஆறு பார்செக் வரை போகும். தூரம் எதுவானாலும் ஒரு தாவலுக்கு ஒரு கிழமை. அதைவிட வேகமாகப் போக எதுவும் இல்லை. தொலைபேசி இல்லை, வானொலி இல்லை. நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல் போனால்தான் கடிதம் போகும். விளையாட்டில் வருகிற பேரரசின் தலைநகரில் நடந்தது எல்லைக்குத் தெரிய மாதக்கணக்காகும். சக்கரவர்த்தி செத்தது தெரியாமல் அவர் பெயரில் வரி வாங்கிக்கொண்டிருப்பார்கள். கைத்தொலைபேசியோடு வளர்ந்த மச்சான் இதை ஒரு விசித்திரம் என்று சொன்னான். கிளாலிக் கடலைக் கடந்து வருகிறவரின் பையில் ஒரு நீலக் கடிதம் வருமா என்று காத்திருந்தவர்கள் நாங்கள். திகதியைப் பார்த்தால் மூன்று மாதப் பழசு, 'இப்ப சுகமாக இருக்கிறேன்' என்று எழுதியிருக்கும். அந்த 'இப்ப' எப்போது? இத்தனைக்கும் செய்மதி மூலம் உலகம் முழுக்கத் தொடர்பாடலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதின ஆர்தர் சி. கிளார்க், 1956இலிருந்து எங்கள் நாட்டில்தான் இருந்தார். கொழும்புக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 400 கிலோமீற்றர்கூட இல்லை.

பயணச்சீட்டில் மூன்று வகை. உயர் வகுப்பு 10,000 கிரெடிட், நடு வகுப்பு 8,000, தாழ் வகுப்பு 1,000. தாழ் வகுப்பில் உங்களை உறையவைத்து ஒரு பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் எழுப்பும்போது கட்டை ஐந்துக்குக் கீழே விழுந்தால் நீங்கள் எழும்ப மாட்டீர்கள். ஈ.சி. டப் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவல்களில் இருந்து மில்லர் எடுத்த சங்கதி இது. அதில் ஒரு சூதாட்டமும் உண்டு. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் பத்து கிரெடிட்டை ஒரு பொதுப் பணத்தில் போட்டு, எத்தனை பேர் உயிரோடு எழும்புவார்கள் என்று பெட்டிக்குள் போகிறவர்களே ஊகிக்கவேண்டும். சரியாகச் சொன்னவருக்குப் பணம். சொன்னவர் எழும்பாவிட்டால் கப்டனுக்கு.

மச்சான் இதை நடித்துக் காட்டினான், நன்றாகவே நடிப்பான். தோழன் சிரிக்காமல், "எங்கட சித்தப்பா உப்பிடித்தான் சுவிஸுக்குப் போனவர்" என்றான். "பெட்டிக்குள்ளயோ?" "ஓம். லொறிப் பெட்டி. ரெண்டு நாள். இறைச்சி ஏத்திற லொறி." ஏஜென்சிக்குக் காசு கட்டி, மொஸ்கோவில் மாதக்கணக்காக அடைபட்டு, எல்லை எல்லையாகக் கடந்து போன கதைகள் இல்லாத வீடு தென்மராட்சியில் குறைவு. மச்சானின் தகப்பனும் அப்படியொரு வழியால் போனவர்தான். மகனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்கள் கப்பலில் இருபது தாழ் வகுப்புப் படுக்கை இருந்தது. கப்டன் பெரியப்பா. தாழ் வகுப்புப் பயணிகளை ஏற்றினார், காசு தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பத்து கிரெடிட் சூதாட்டத்தை ஒரு நாளும் நடத்தவில்லை.

காசு ஏன் தேவைப்பட்டது? கப்பல் கடனில் ஓடியது.

வேறு எந்த அறிபுனை விளையாட்டிலும் நான் காணாத அற்புதம் இது. 200 தொன் வணிகக் கப்பல் ஒன்றின் விலை 3 கோடி 70 இலட்சம் கிரெடிட்டுக்குக் கொஞ்சம் மேல்: சரியாகச் சொன்னால் 37,080,000. ஐந்தில் ஒரு பங்கை முற்பணமாகக் கட்டவேண்டும். பிறகு மாதாமாதம் விலையில் 240இல் ஒரு பங்கு வீதம் 40 வருடம். அதாவது மாதத்துக்கு 154,500. கட்டி முடிக்கும்போது வாங்கின விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். பெரியப்பா ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கீறிக் கணக்குப் போட்டார். சரக்கறையில் 82 தொன் பிடிக்கும். தொன்னுக்கு 1,000 கூலி. ஒரு தாவல் ஒரு கிழமை, துறைமுகத்தில் ஒரு கிழமை, ஆக மாதத்துக்கு இரண்டு ஓட்டம்: 164,000. கடன் போக மிஞ்சுவது 9,500. ஓட்டம் ஒன்றுக்கு 30 தொன் எரிபொருள், சுத்திகரித்தது தொன் 500. மிஞ்சினது ஒரு ஓட்ட எரிபொருளுக்கே காணாது. அதற்கு மேல் தங்கச்சிக்கு மாலுமிச் சம்பளம் 6,000.

"கூலிக்கு ஏத்தினால் கொம்பனிக்காரனுக்குத்தான் லாபம்" என்றார் பெரியப்பா. "சரக்கை நாங்களே வாங்கி விக்கவேணும்."

இந்த இடத்தில் மாம்பழ வியாபாரியின் மகன் எழும்பினான். விவசாய உலகத்தில் மலிவாக வாங்கித் தொழிற்சாலை உலகத்தில் விற்க ஒரு அட்டவணை இருக்கிறது. உலோகம், துணி, தானியம், வாசனைத் திரவியம் என்று வரும். எந்த உலகத்தில் எது விலைபோகும் என்பதற்குக் கூட்டல் கழித்தல் உண்டு. அவன் ஆடி முடிய மரத்தில் காய் எத்தனை நிற்கும், கொழும்பில் விலை எப்போது விழும் என்று தகப்பன் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். எண்பது அறுகோணத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தான். சண்டை எதுவும் இல்லாமல், ஒரு துவக்கும் வெடிக்காமல், முழுப் பின்னேரமும் ஒரு சரக்கை எங்கே கொண்டுபோய் விற்பது என்ற வாக்குவாதத்தில் போயிருக்கிறது. துவக்குச் சண்டைக்கு ஆயத்தப்படுத்தி வைத்திருந்த மச்சானுக்கு முதலில் சலிப்பு. பிறகு அவனும் அகப்பட்டான். "நான் அங்க இத்தனை வருசம் பிழையான பக்கத்தைத்தான் வாசிச்சிருக்கிறன்" என்றான்.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வாக்குவாதத்தில் என்ன இருந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். எங்கே போகலாம் என்பதை நாங்களே தீர்மானித்தோம். பாஸ் தேவையில்லை, பிணைக்கு ஆள் வைக்கத் தேவையில்லை, ஊர் எல்லையில் சாமானை அவிழ்த்துக் காட்டத் தேவையில்லை. சட்டப்படி கூடின உலகம் என்றால் வரைபடத்தில் வேறு வழி பார்க்கலாம். தடை இருந்த இடத்திலும் அதன் இலக்கம் எவ்வளவென்று முன்கூட்டியே எழுதியிருந்தது. எங்கள் ஊரில் சட்டம் மாறினால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், சில நேரம் அதுவும் இல்லை.

ஆவணி முடிய மச்சான் போனான். பெட்டியை விட்டுவிட்டுத்தான் போனான். வரைபடத்தைத் திரும்பக் கொண்டுபோக அவனுக்கு விருப்பமில்லை. நடுவர் வேலையை நான் எடுத்தேன். ஏ-லெவல் படிப்புக்கிடையே கிழமையில் ஒரு பின்னேரம் என்று தொடர்ந்தது. 2006 ஆவணியில் ஏ-9 மூடப்பட்டு ஊரடங்கும் வந்தபோது தோழன் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. பிறகு அவனும் வெளியே போய்விட்டான், தாழ் வகுப்பில் அல்ல, மாணவர் விசாவில்.

ஆனால் பெரியப்பா நிறுத்தவில்லை. தனியாக விளையாடலாம் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. கட்டையும் கொப்பியும் இருந்தால் ஒரு ஆள் இரவு முழுக்க உலகங்களைச் செய்துகொண்டிருக்கலாம். ஊரடங்கு நேரம் அவர் அதைத்தான் செய்தார். கொப்பி கொப்பியாக அறுகோணம். ஒவ்வொரு உலகத்துக்கும் குறி. ஒரு கட்டத்தில் உலகங்களுக்கு இடையே கப்பல் நேர அட்டவணை போடத் தொடங்கினார்: வருகை, புறப்பாடு, இணைப்புக் கப்பல், பொதிக்கான கடைசி நேரம். சிவப்புப் பேனையால் விரைவுக் கப்பல், நீலத்தால் சாதாரணக் கப்பல். ஒரு கப்பல் பிந்தினால் அடுத்தது எதை இழக்கும் என்று ஓரத்தில் குறிப்பு. ஒரு விளையாட்டின் வெற்றிக்கு நான் தரக்கூடிய மிகப் பெரிய சான்றிதழ் அந்தக் கொப்பிகள்தான். அடுத்த ரயில் சாவகச்சேரியைக் கடந்து யாழ்ப்பாணம் போனது 2014 ஐப்பசியில்.

கேம் டிசைனர்ஸ் வேர்க்‌ஷொப் 1996இலேயே மூடப்பட்டுவிட்டது. 2008இலிருந்து மொங்கூஸ் என்ற பிரித்தானிய நிறுவனம் ட்ரவலரைப் புதுப்பித்து அச்சிடுகிறது. அதில் உயிர் தப்பும் உருட்டல் தவறினால் ஆள் சாவதில்லை. ஏதோ ஒரு விபத்து நடந்து சேவையிலிருந்து விலகுவான். சாவை எடுத்துவிட்டால் விளையாட்டின் உயிரே போய்விட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நான் பெரியம்மாவின் பக்கம். செத்தவனிடம் சொல்லக் கதை இல்லை. இரண்டு வருடத்தில் நொண்டிக்கொண்டு வந்தவனிடம் இருக்கிறது. எங்கள் தோழனின் ஒற்றைக்கால் ஸ்கவுட்தான் கப்பலில் இருந்தவர்களில் எல்லாருக்கும் பிடித்த ஆள்.

விளையாடிப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரிய நட்சத்திர யுத்தத்தில் தொடங்காதீர்கள். நாலு பேர், இரண்டு கட்டை, ஒரு கொப்பி, பென்சில், அழிறப்பர் போதும். ஒரு பழைய கப்பலைக் கடனுக்கு எடுத்து, முதல் மாதத் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். ரயில்வேயில் பொதிப் பகுதியில் வேலை செய்தவர் கிடைத்தால் அவரையே கப்டனாக்கிவிடுங்கள்.